வேருக்கு வேலி வகுத்த பெரியார் - தோமஸ் வொல்னி மன்சன்

மரமொன்றைக் காண்போர் முதலிற் கனியை நோக்குவர். பின்னர்ப் பூவையும் இலையையும் நோக்குவர். மண்ணுள் மறைந்து கிடந்து அம்மரத்தைத் தாங்கி நிற்கும் வேரை நோக்குவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவரின் வரலாற்றை நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்து, முந்திரிகைக் கொடி வளர்ப்பிலே தம் வாழ்நாளைக் கழித்து, 1913-ஆம் ஆண்டில் மறைந்த தோமஸ் வொல்னி மன்சன் என்பாரே அவர்.

வெலிமடையிலும் பதுளையிலும் வாழும் நமக்கு, தமிழகத்தார் திராட்சை என வழங்கும் முந்திரிகையை வளர்த்த அமெரிக்கர் ஒருவரோடு யாது தொடர்பு என வாசகர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. 1868-ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பிரான்சு தேசத்தின் தென்பகுதியில், மொன்பெலியே நகரத்துத் தாவரவியற் பேராசிரியர் பிளாஞ்சோன் என்பார், காரணம் புலப்படாது பட்டுக்கொண்டிருந்த முந்திரிகைக் கொடிகளின் வேரிலே நுண்ணிய மஞ்சள் நிறப் பேன்களைக் கண்டார். அவற்றிற்கு அவர் இட்ட பெயரின் ஈற்றுச் சொல் வஸ்தாத்ரிக்ஸ் என்பது. பாழ்படுத்துபவள் என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். அடுத்த ஆண்டாகிய 1869-இல் நம் பதுளை மாவட்டத்து மடுல்சீமையிலே கோப்பிச் செடியின் இலைகளிற் செம்மஞ்சள் துரு படியக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் பேர்க்கிலியும் புரூமும் அந்தப் பூசணத்திற்கு இட்ட பெயரின் ஈற்றிலும் அதே வஸ்தாத்ரிக்ஸ் என்னும் சொல்லே அமைந்தது. ஈராண்டுக்குள், உலகின் இரு கோடிகளில், இரு பெரும் பயிர்களை அழிக்கவந்த இரு பகைகள் ஒரே பெயரைத் தாங்கின.

ஆயினும் அவற்றின் முடிவு வேறாயிற்று. இலங்கையின் கோப்பி மாண்டது. பிரான்சின் முந்திரிகை பிழைத்தது. இலங்கைக்கு 1880-இல் அனுப்பப்பெற்ற இளம் அறிஞர் மார்ஷல் வார்டு, துரு நோயின் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவுற விளக்கிய போதிலும், அதனைத் தடுக்கும் வழி அக்காலத்திற் கிட்டவில்லை. தோட்டங்கள் பாழாயின, துரைமார் பலர் கடனாளிகளாயினர், அத்தோட்டங்களை நம்பி ஆழ்கடலும் அடர்காடும் கடந்து வந்த தொழிலாளர் வேலையிழந்தனர். கோப்பி வீழ்ந்த இடத்திலே தேயிலை எழுந்தது. பருவத்திற்கு வந்து பருவம் கழிந்ததும் ஊர் திரும்பிய வழக்கம் மாறி, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் தேவையால் நம் முன்னோர் லயங்களிலே நிலைபெற்றனர். ஆதலின் நாம் இன்று இம்மலைகளில் வாழ்வதற்கே ஒரு பயிரின் வீழ்ச்சி காரணங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாறு வீழாது ஒரு பயிரைக் காத்தோர் வரலாற்றை நாம் அறிவது நமக்கு மிகவும் பொருந்தும்.

மன்சன் 1843-ஆம் ஆண்டு செப்டெம்பர் 26-ஆம் நாள் இலினோய் மாநிலத்து அஸ்தோரியா என்னும் ஊரின் அருகே பிறந்தார். கெண்டக்கி மாநிலத்து வேளாண்மைக் கல்லூரியிற் சேர்ந்து 1870-இற் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு இரசாயனம் கற்பித்த பேராசிரியர் றொபேட் பீற்றர் தம் இல்லத்திற் பலவகை முந்திரிகைகளை வளர்த்து வந்தார். ஆசிரியரின் தோட்டத்தைக் காணச் சென்ற மாணவர், அக்கொடிகளிலே தம் உள்ளத்தைப் பறிகொடுத்து மீண்டார். பாடநூலில் இல்லாத ஒன்றை ஆசிரியரின் வாழ்க்கையிலிருந்து மாணவன் கற்றுக்கொள்ளுதல் எக்காலத்தும் எந்நாட்டிலும் நிகழ்வதே. நம் கல்லூரியிற் பயின்றோர்க்கும் இவ்வனுபவம் புதிதன்று.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே எலன் ஸ்கொட் பெல் என்னும் நங்கையை மணந்தார். 1873-இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரையடைந்து, நாற்றுப் பண்ணை ஒன்றை நிறுவி முந்திரிகை இனங்களைக் கலந்து புதியன தோற்றுவிக்கத் தொடங்கினார். அம்முயற்சி அங்கு ஈடேறவில்லை. கடுங்குளிர் கொடிகளைக் கருக்கியது, வறட்சி வாட்டியது, எஞ்சியவற்றை வானத்தை மறைத்து வந்த வெட்டுக்கிளிக் கூட்டம் தின்று தீர்த்தது. மூன்றாண்டு உழைப்பு வீணாயிற்று.

பிறராயின் அத்தொழிலையே கைவிட்டிருப்பர். மன்சன் இடத்தை மாற்றினாரேயன்றி எண்ணத்தை மாற்றவில்லை. 1876-இல், தம் சகோதரர் முன்னரே குடியேறியிருந்த டெக்சாஸ் மாநிலத்து டெனிசன் நகருக்குச் சென்றார். செவ்வாற்றின் கரையிலமைந்த அவ்வூரின் சுற்றுப்புறக் காடுகளிலே, எவரும் நடாமலும் நீர் வாராமலும் பலவகைக் காட்டு முந்திரிகைகள் மரங்களிற் படர்ந்து காய்த்திருப்பதைக் கண்டார். தாம் தேடிய செல்வம் அங்கே குவிந்துகிடப்பதாக உணர்ந்தார். மண்ணையும் வெயிலையும் பூச்சியையும் நெடுங்காலம் எதிர்த்து நின்ற கொடிகளின் வலிமையை, சுவைமிகுந்த கனியோடு சேர்த்தால் என்ன என்பதே அவர் வினா.

அன்று தொட்டு அவர் ஓயாது அலைந்தார். புகைவண்டியிலும் குதிரையிலும் பற்பல மாநிலங்களைச் சுற்றி, காட்டுக் கொடிகளைத் திரட்டினார். கொடியின் பெயரோடு அவர் நின்றாரல்லர். அது நின்ற மண் சுண்ணாம்பு மண்ணோ, மணலோ, களியோ, உப்பு மண்ணோ என்பதையும் கருத்திற் கொண்டார். இக்கொடி எம்மண்ணிலே தானாக வாழ்கின்றது என்னும் அந்தக் குறிப்பே பின்னாளிற் பேருதவியாய் அமைந்தது.

இனி, பிரான்சின் துயரைச் சிறிது நோக்குவோம். வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து நாற்றுக் கொடிகளோடு கப்பலேறி அறுபதுகளின் தொடக்கத்திலே பிரான்சையடைந்தது. அது ஐரோப்பிய முந்திரிகையின் வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும், துளைத்த இடம் வீங்கி வெடிக்கும், வெடித்த புண்ணினூடே பூசணம் புகும், வேர் அழுகும். கொடி சில ஆண்டுகளிற் பட்டுப்போகும். அமெரிக்கக் கொடிகளோ அப்பேனோடு நெடுங்காலம் உடன் வாழ்ந்தவை. அவற்றின் வேர், துளைபட்ட இடத்தின் அடியிலே தக்கை போன்ற படலத்தை விரைந்து தோற்றுவித்துப் புண்ணைத் தனித்து ஒதுக்கிவிடும். பேன் உண்டு, கேடு இல்லை.

1875-இல் ஏறத்தாழ 8 கோடியே 45 இலட்சம் எக்டொலீற்றராக இருந்த பிரெஞ்சு முந்திரிகை மது, 1889-இல் 2 கோடியே 34 இலட்சமாய்ச் சுருங்கியது. மருந்து கண்டுபிடிப்பார்க்கு 3 இலட்சம் பிராங்கு பரிசளிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. சிலர் தோட்டத்தை நீரில் மூழ்கவைத்தனர். சிலர் கரியிருகந்தகைத் திரவத்தை மண்ணிற் செலுத்தினர். சிலர் பேன் ஊர இயலாத கடற்கரை மணலை நாடினர். இவையெல்லாம் செல்வர்க்கும் சிற்சில இடங்களுக்குமே பயன்பட்டன. ஏழை உழவனுக்கு வழி இல்லாதிருந்தது.

வழி கண்டவர் ஒருவரல்லர். அமெரிக்கக் கொடிகள் பட்டுப்போகாதிருப்பதைப் போர்தோ நகரத்து லலிமான் 1869-இல் எடுத்துரைத்தார். அமெரிக்க வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டலாம் என்னும் எண்ணத்தைப் பசீல் முன்வைத்தார். மிசூரி மாநிலத்துப் பூச்சியியலாளர் றைலி, இரு நாட்டுப் பேன்களும் ஒன்றேயென நிறுவினார். பிளாஞ்சோன் 1873-இல் அமெரிக்கா சென்று றைலியுடன் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். ஆயினும் ஒட்டுமுறைக்கு எதிர்ப்பு மிகுந்தது. நோயைக் கொணர்ந்த நாட்டுக் கொடியிலேயே மருந்தைத் தேடுவதா என்று வெகுண்டனர் பலர். அமெரிக்க வேரினாற் பழத்தின் சுவை கெடும் என அஞ்சினர் சிலர். காலப்போக்கிற் பட்டறிவு அவ்வச்சத்தைப் போக்கியது. ஒட்டுக்கட்டை வேறு, மேற்கிளை வேறு. கனி மேற்கிளையின் இயல்பையே பெறும் என்பது தெளிவாயிற்று.

அப்பொழுது புதிய இடர் ஒன்று தோன்றியது. முதலில் இறக்குமதியான அமெரிக்க இனங்கள் பிரான்சின் சுண்ணாம்பு மண்ணிலே வேரூன்றியும் தழைக்கவில்லை. இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பசுமையாய் நின்று, கொடி வாடியது. சுண்ணாம்பு மிக்க மண்ணில் இரும்புச் சத்தைப் பெற அவ்வேர்களால் இயலாமையே காரணம். கொஞ்ஞாக் என்னும் புகழ்பெற்ற மதுவை வடிக்கும் சாராந்து நாட்டு உழவர் செய்வதறியாது திகைத்தனர். பேனுக்குத் தப்பிய கொடி மண்ணுக்குத் தப்பவில்லை.

ஆகவே பிரெஞ்சு அரசாங்கம் 1887-இற் பியேர் வியாலா என்னும் இளம் பேராசிரியரை அமெரிக்காவிற்கு அனுப்பியது. சுண்ணாம்பு மண்ணிலே இயல்பாக வளரும் காட்டு முந்திரிகை உண்டோ எனத் தேடுதலே அவர் பணி. பல மாநிலங்களில் அலைந்த அவர் டெனிசன் நகரையடைந்து மன்சனைச் சந்தித்தார். எக்கொடி எம்மண்ணில் நிற்கும் என்பதை ஆண்டுக்கணக்கிற் கண்டறிந்தவர் மன்சன். அவர் நடு டெக்சாசின் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுட்டினார். பெல் மாவட்டத்தை அடுத்த அக்குன்றுகளிலே, வெண்ணிறக் கற்களினூடே பேர்லாந்தியேரி என்னும் இனம் செழித்துப் படர்ந்திருந்தது. அவ்வினத்திற்கு 1880-இற் பெயரிட்டவர் பிளாஞ்சோனே. பெயர் ஏட்டில் இருந்தது. அதன் பயன் அதுகாறும் காட்டில் மறைந்திருந்தது.

அக்குன்றுகளிலிருந்து உறங்குநிலைத் தண்டுகள் வெட்டப்பட்டுக் கட்டுகளாகக் கட்டப்பட்டுப் பிரான்சுக்குச் சென்றன. ஆனாற் பேர்லாந்தியேரி வெட்டிய தண்டிலிருந்து எளிதில் வேர்விடாத இனம். அக்குறையைப் போக்க, எளிதில் வேர்விடும் றிப்பாரியா, றுப்பெஸ்திரிஸ் ஆகிய இனங்களோடு அதனைக் கலந்து புதிய ஒட்டுக்கட்டைகளைத் தோற்றுவித்தனர். பிரான்சில் றிச்சர், அங்கேரியில் தெலெக்கி, சிசிலித் தீவிற் பவுல்சன் ஆகியோர் இவ்வாறு தோற்றுவித்த கலப்பினங்கள் இன்றும் உலகின் முந்திரிகைத் தோட்டங்களைத் தாங்கி நிற்கின்றன. ஒரு தாயிடம் வலிமையும் மறு தாயிடம் எளிமையும் பெற்ற பிள்ளைகள் அவை.

பிரெஞ்சு அரசாங்கம் 1888-இல் வேளாண்மைச் சிறப்பு விருதை மன்சனுக்கு வழங்கி, அதன் செவலியர் நிலைக்கு உயர்த்திப் பாராட்டியது. டெனிசன் நகரும் கொஞ்ஞாக் நகரும் இன்று உடன்பிறப்பு நகரங்களாய் விளங்குகின்றன. மன்சன் ஒருவரே பிரான்சைக் காத்தார் எனச் சிலர் மிகைபடக் கூறுவர். அது முறையன்று, மேலே நாம் பெயர் கூறிய பலரின் உழைப்பு அதில் உண்டு. மன்சனின் பெருமை வேறு. உரிய வேளையில், உரிய மண்ணுக்கு, உரிய வேரைச் சுட்டிக்காட்டும் அறிவை அவர் முன்னரே தேடி வைத்திருந்தார். ஒருவரும் கேளாத காலத்திலே கற்றுவைத்த கல்வி, கேட்ட காலத்தில் உதவிற்று.

அவர் உள்ளம் மிகுதியும் ஈடுபட்டது புதிய கனி வகைகளிலேயாம். ஏறத்தாழ 300 வகைகளை அவர் தோற்றுவித்தார். 1893-இற் சிக்காகோவில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியிலே முந்திரிகை இனங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தார். 1909-இல் அமெரிக்க முந்திரிகை வளர்ப்பின் அடிப்படைகள் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அவர் மறைந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் வந்தது; அவர் வகைகளுட் பல கைவிடப்பட்டுத் தோட்டங்களினின்று மறைந்தன. எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி, 1974-இல் டெனிசனிலுள்ள கல்லூரியொன்று அவர் நினைவாகத் தோட்டம் அமைத்தது. அவர் தோற்றுவித்த பெய்லி என்னும் வகை மட்டும் கடல் கடந்து யப்பானிற் புகழ் பெற்றது. கவகாமி என்பார் அதனை மஸ்கற் ஹம்பேர்க் என்னும் வகையோடு கலந்து 1927-இல் உருவாக்கிய இனம், அந்நாட்டுச் செந்நிற மது வகைகளுள் முதன்மை பெற்றது. தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற் பன்னீர் திராட்சை என வழங்குவதும் அந்த மஸ்கற் ஹம்பேர்க் வகையே என்பது நம்மவர்க்கு உவகை தருஞ் செய்தியாகும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. பெல் மாவட்டத்துக் காட்டுக் கொடிகளுள் மன்சன் தெரிந்தெடுத்த ஒன்று டொக்றிட்ச் என்னும் பெயர் பெற்றது. அது சம்பீனி என்னும் இனத்தைச் சார்ந்தது. வேரிலே முடிச்சுகளைத் தோற்றுவிக்கும் நூற்புழுக்களை அது வலிமையாக எதிர்க்கும். உப்பு நீரையும் வறட்சியையும் பொறுக்கும். இந்தியாவின் மராட்டியத்திலும் கன்னடத்திலும் நிலத்தடி நீர் உவர்த்து, மழை பொய்த்து, சொந்த வேரில் நின்ற திராட்சைகள் நலிந்த வேளையில் உழவர் டொக்றிட்சை நாடினர். இன்று நாசிக் வட்டாரத்திலிருந்து கப்பலேறும் விதையில்லாத் திராட்சையுட் பெரும்பகுதி, மன்சன் கண்டெடுத்த வேரிலேயே விளைகின்றது. அக்கனியை உண்போர் அவர் பெயரை அறியார்.

எனினும் டொக்றிட்சுக்கும் குறை உண்டு. அதன் வலிமை மிகுதியாற் கொடி இலையாகப் பெருகி, கவாத்து முறை தவறினாற் காய்ப்புக் குறையும். நூற்புழுவை வெல்லும் அது வேர்ப்பேனை எதிர்ப்பதில் இடைத்தரமானதே. எல்லா மண்ணுக்கும் எல்லாப் பகைக்கும் ஏற்ற ஒரே வேர் என்பது எங்கும் இல்லை. இவ்வுண்மையை மறந்தோர் பெருவிலை கொடுத்தனர். கலிபோர்னியாவில் ஐரோப்பியக் குருதி பாதி கலந்த ஏ.எக்ஸ்.ஆர். 1 என்னும் ஒட்டுக்கட்டையை, விளைச்சல் மிகுதி கருதி, முன்னரே பிற நாடுகள் அதனைக் கைவிட்டிருந்தும், பல்லாயிரம் ஏக்கரில் நட்டனர். 1980-களில் வேர்ப்பேன் அதனை வென்றது. தோட்டங்கள் பலவற்றைப் பிடுங்கி மீண்டும் நடவேண்டியதாயிற்று. நூறாண்டுக்கு முன் கற்ற பாடத்தை ஒரு தலைமுறை மறந்ததன் விளைவு அது.

வாசகர் ஈண்டு ஓர் ஐயம் எழுப்பலாம். முந்திரிகையைக் காத்த ஒட்டுமுறை நம் கோப்பியைக் காத்திராதா என்பதே அது. காத்திராது. முந்திரிகையின் பகை பெரிதும் வேரைத் தாக்கியது. ஆதலின் வேரை மாற்றினாற் போதுமாயிற்று. கோப்பியின் பகை இலையைத் தாக்கியது. வேரை மாற்றி இலையைக் காத்தல் இயலாது. பகை எங்கே நிற்கின்றது என்பதை அறிந்த பின்னரே படைக்கலத்தைத் தேர்தல் வேண்டும்.

இது நமக்குப் பழங்கதை மட்டுமன்று. இன்று நம் உயர்நிலத் தேயிலையின் வேரை அரிக்கும் நூற்புழு ஒன்று உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய லூஸ் என்பாரின் பெயரையே அறிஞர் அதற்குச் சூட்டினர். மண்ணுக்கு மேல் உரக்குறை போலவும் வறட்சி போலவும் தோன்றும் வாட்டம், தோண்டிப் பார்த்தால் வேரின் நோயாய் இருத்தல் உண்டு. எந்த வீ.பி. தேயிலையை எந்த மலையில் நடுவது என ஆராய்ந்து நடுதலின் கருத்து இதுவே. வெலிமடை வயல்களில் நெல்லறுத்தபின் உருளைக்கிழங்கு நடும் உழவரும், வாடல் நோயின் பகை மண்ணிலே மறைந்திருப்பதை நன்கறிவர். வாடிய செடியைக் கண்டதும் மருந்துப் புட்டியை நாடுமுன், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தல் நன்று.

மன்சன் 1913-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் டெனிசன் நகரிலே காலமானார். மூன்றாண்டு உழைப்பை வெட்டுக்கிளி தின்றபோது அவர் மனமுடைந்திருப்பின், சாராந்து நாட்டு உழவருக்கு வழிகாட்ட டெனிசனில் ஒருவரும் இருந்திரார். அவர் பெரிதும் விரும்பி வளர்த்த கனிகளுட் பல மறைந்தன. அவர் காட்டிய வேர்களோ பிறர் பெயரால் வழங்கும் கனிகளைத் தாங்கி இன்றும் மண்ணுள் வாழ்கின்றன.

நம் கல்லூரியை நிறுவி நடத்திய பெரியோரும் அத்தகையோரே. அவர்தம் பெயரைப் பலர் அறியார்; அவர் இட்ட வேரிலே நாம் நிற்கின்றோம். இங்குப் பயிலும் இளைஞருள் ஒருவரேனும், நம் மலைகளின் மண்ணையும் அதில் நிற்கும் செடியின் வேரையும் ஆராயும் விருப்பம் கொள்வாராயின், இவ்வரலாற்றை எழுதிய நம் முயற்சி பயன்பெற்றதாகும்.